பெட்டி சொல்லட்டும்

நடைபாதைக் கடையில் உட்கார்ந்தபடி அலாரத்தை அவள் நிறுத்தியபோது பிரேக் சத்தமும் நின்றிருந்தது.

ஆட்டோ குறுக்கே கிடந்தது. முன்சக்கரத்துக்கு அடியில் வெள்ளைக் கோல், இரண்டாக.

தனுஷ்கோடி சாரைத் தூக்கி வந்து நடைபாதை விளிம்பில் உட்கார வைத்தார்கள். முழங்காலில் ரத்தம். வலது கை தொங்கியது. கறுப்புக் கண்ணாடியை யாரோ தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

“பெட்டி சொல்லுச்சு. அதான் இறங்குனேன்.”

ஆட்டோக்காரன் போலீஸ்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டான்.

“சார், பச்சை எனக்குத்தான் சார். எல்லாரும் பாத்தாங்க. கண்ணு தெரியாதவரு, பாவம். நான் என்ன பண்ணுவேன்?”

போலீஸ்காரர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

கம்பத்தில் மஞ்சள் பெட்டி. நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்தால் கத்த வேண்டிய பெட்டி. மாலை போட்டுத் திறந்து வைத்தார்கள். மாலை வாடும்வரை கத்தியது. பிறகு மழை வந்தது.

“அது செத்துப் பல மாசம் ஆச்சு, ஐயா.”

“இல்லீங்க. தினம் கேக்குறேனே.”

கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணால் பேசிக்கொண்டார்கள். இரக்கத்துக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. அள்ளிக் கொடுத்தார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. எதிரே நீலத் தார்ப்பாய். அதில் வரிசையாகப் பிளாஸ்டிக் கடிகாரங்கள். ஒன்று கையில்.

*

பெட்டி வாயடைத்த அன்று தனுஷ்கோடி சார் கம்பத்தடியில் நின்றுகொண்டே இருந்தார். பச்சை வந்தது. போனது. மறுபடி வந்தது. எதிர்ப்பக்கம் வங்கி, அங்கே டெலிபோன் எடுக்கிற வேலை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

“போங்க சார், பச்சைதான்” என்றாள் கடையிலிருந்து.

அவர் குரல் வந்த பக்கம் தலையை ஆட்டினார்.

“தப்பா எடுத்துக்காதம்மா. ஒருத்தன் இப்படித்தான் ‘போ, போ’ன்னான். போய் பஸ்ஸு முன்னாடி நின்னேன். மனுஷ வாயை நான் நம்புறதில்ல. பெட்டி சொல்லட்டும்.”

கேட்ட சரக்கு இல்லையென்றால், அதைப் போலவே இருப்பதை எடுத்துக் காட்டுவதுதான் வியாபாரம்.

அடுத்த பச்சைக்கு ஒரு கடிகாரத்தின் முதுகில் இருந்த பொத்தானை அமுக்கினாள்.

பிப். பிப். பிப்.

அவர் முகம் மலர்ந்தது. கோலைத் தட்டியபடி இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இதே கதை. முதலில் அவரைப் பார்ப்பாள். பிறகு பச்சையைப் பார்ப்பாள். பிறகு அமுக்குவாள். நடுவில் சும்மாகூட ஒரு கடிகாரத்தை அலற விட்டதில்லை.

“இந்த ஊர்ல ஒழுங்கா வேலை பாக்குறது இது ஒண்ணுதாம்மா” என்பார் அவளிடம்.

“ஆமா சார்” என்பாள்.

*

இன்று ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். அவள் படியவில்லை. அவர் நடக்கத் தொடங்கினார். எப்படியும் கூப்பிடுவாள் என்று தெரிந்தவர் நடக்கிற நடை.

கூப்பிட்டாள்.

“அண்ணே, சத்தத்தையாவது கேட்டுட்டுப் போங்கண்ணே!”

சாலைக்கு முதுகைக் காட்டியிருந்தாள்.

அமுக்கினாள்.

*

பேரம் பேசியவர் இப்போது அங்கே இல்லை.

“கேட்ட மாதிரி இருந்திருக்கும், ஐயா” என்றார் போலீஸ்காரர், கனிவாக. “வயசாவுதில்ல?”

தனுஷ்கோடி சார் இடது கையைத் தூக்கினார். ஒரு காதைத் தடவினார். பிறகு இன்னொன்றை.

“அப்போ இதுவும் போயிருச்சா?”



ஆட்டோக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

“சார்...”

அதற்கு மேல் வரவில்லை. வந்தாலும் அது மனுஷ வாய்.

கடிகாரத்தை அவர் காதருகே கொண்டுபோகக் கை நீண்டது. பாதியில் நின்றது. நின்ற இடத்திலேயே பொத்தானை அமுக்கினாள்.

பிப். பிப். பிப்.

அவர் நிமிர்ந்தார். அடிபட்ட கையை மறந்து எழப் பார்த்தார்.

“கேட்டுச்சா? உங்களுக்கும் கேட்டுச்சுல்ல? நான் சொன்னேன்ல!”

எல்லோரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மட்டும், கம்பத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.