வலது இறக்கையைப் பிடி

அந்தக் கோடையில் மிஞ்சியது மீன் உள்ள ஒரே குட்டை. ஜப்பானின் பழைய மற்போரான ஜுஜுட்சு கற்ற கொக்கும், தரையில் படுத்துப் பூட்டுப் போடும் பிரேசில் ஜுஜுட்சு கற்ற நீர்நாயும் அதற்காக மோதின. தோற்றவர் குட்டையை விட்டுப் போக வேண்டும்.

“முதல்ல என் வலது இறக்கையைப் பிடி. அப்புறம்தான் உன்னைத் தூக்கி எறிய முடியும்” என்றது கொக்கு.

“பிடிக்காட்டி என்னண்ணே?”

“எங்க பயிற்சியில பிடிக்காம யாரும் இருந்ததில்லையே.”

நீர்நாய் அதன் காலை வாரிச் சேற்றில் சாய்த்து, கழுத்தைச் சுற்றிக்கொண்டது. தோற்றேன் என்று கொக்கு இரண்டு முறை தரையைத் தட்டியது. நீர்நாய் உடனே விட்டது. கொக்கு கிளம்பியது.

அப்போது இரண்டு நரிகள் வந்தன. நீர்நாய் மல்லாந்து படுத்து ஒன்றைக் கால்களால் பூட்டியது. மற்றது நீர்நாயின் வாலைக் கவ்வியது.

“ஒருத்தருக்கு ஒருத்தர்தானே சண்டை?” என்று முனகியது நீர்நாய்.

கொக்கு திரும்பி வந்தது. வாலை விட்ட நரி பாய்ந்து, சரியாகக் கொக்கின் வலது இறக்கையைப் பிடித்தது. மறுகணம் அந்த நரி சேற்றில் கிடந்தது. நீர்நாய் பூட்டைத் தளர்த்த, இரண்டு நரிகளும் ஓடிவிட்டன.

பிறகு நீர்நாய் எழுந்து நின்று, “எந்த இறக்கைன்னு சொன்னீங்கண்ணே?” என்று கேட்டது.

“இரு. இந்தக் காலை எங்கே வைக்கணும், சொல்லு” என்றது, அதற்குள் தானே சேற்றில் மல்லாந்து படுத்துவிட்ட கொக்கு.