கஞ்சியில் உப்பு

1985 மார்கழி. டென்மார்க்கின் ஒடென்சே நகரில் அந்தச் சின்ன வீட்டில் மதுவை நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நேசமலர் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தாள். இரண்டு நாளாக அவள் எதையும் வாயில் வைக்கவில்லை.

கணவன் செல்வராஜா பால் கஞ்சியோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"ஒரு வாய் சாப்பிடும். உமக்கு ஏதும் நடந்தால் இந்தக் குளிருக்குள்ளை எனக்கு ஆர் இருக்கினம்?"

"வேண்டாம். உப்புக் காணாது."

அவன் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தான். "காணுமப்பா."

"பால் திரைஞ்சு போச்சுப் போலை."

இன்னும் இரண்டு கரண்டி குடித்தான். "இல்லை, நல்லாத்தான் இருக்கு."

"அரிசி வேகேல்லை. அடியிலை பாருங்கோ."

அழுதுகொண்டே அடிவரை பார்த்தான். கோப்பை காலியாகிவிட்டது.

"நானெல்லாம் ஒரு மனுசனே! உமக்குக் காய்ச்சினதை நானே குடிச்சுப்போட்டன்."

நேசமலர் எழுந்துபோய்ச் சிகிச்சை நிலையத்துத் தாதிக்குத் தொலைபேசி எடுத்தாள். தெரிந்த டேனிஷில் சொன்னாள்:

"குடியை விட்ட பிறகு இவர் இண்டைக்குத்தான் ஒழுங்காச் சாப்பிட்டவர். ஒரு கோப்பை முழுக்க!"

சொல்லிவிட்டு, மேசையில் இருந்த பாண் துண்டை இரண்டு நாள் பசியோடு கடித்தாள்.