மாட்டுத் தோலுக்குச் சம்மதம்

செல்போனில் சிக்னல் கிடைப்பது இந்தப் பாறையில் மட்டும்தான் என்பதால், காயப்போட்ட புளிக்கு நடுவிலேயே குடும்பப் பஞ்சாயத்து நடக்கிறது. புற்றுநோய்க்கு ஒரு மார்பை இழந்த ஈஸ்வரி, காதில் போனோடு நிற்கிறாள். நாளை மறுநாள் வேலூரில் அவளுக்குப் புது மார்பு வைக்கிறார்கள். உள்ளே வைக்கும் சிலிக்கோன் பையை ஏந்திப் பிடிக்க, சுத்தப்படுத்திய மாட்டுத் தோல் துண்டு ஒன்றையும் சேர்த்துத் தைப்பார்களாம். அதற்குச் சம்மதம் கேட்டு போனின் மறுமுனையில் நர்ஸ் காத்திருக்கிறாள். பாறை அனல் கக்குகிறது. மாமியார் செல்லம்மா புளியம்பழத்தை நறுக்கென்று உடைக்கிறாள். “மாட்டுத் தோல ஒடம்புல வெச்சிக்கினு கோயில்ல எப்டிடி பொங்க வெப்ப?” புருஷன் தனசேகரன் தலையைச் சொறிகிறான். “ஊர்த் தலைவரு நாட்டார ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லலாமே.” “அன்னிக்கி மார அறுக்கச் சொல்லோ நாட்டாரயா கேட்டே?” என்று சீறுகிறாள் ஈஸ்வரி. “ஏன் அத்த, கோயில் மேளத்துல இழுத்துக் கட்டியிருக்கறது இன்னா தோலு? அதுக்கு மட்டும் சாமி ஆடுதே!” செல்லம்மாவின் கையில் புளியம்பழம் உடையாமல் நிற்கிறது. “ஒண்ணும் கேக்கலம்மா, சத்தமா சொல்லுங்க” என்கிறாள் நர்ஸ். ஈஸ்வரி பாறை விளிம்புக்கே போய்க் கத்துகிறாள். “எனக்குச் சம்மதம்! எழுதிக்கோங்க சிஸ்டர்!” கீழே புளியமரம் உலுக்குகிறவர்கள் கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள்.