பதினாலாம் நம்பர் வீடு

கம்ப்யூட்டர் வீரமுத்துவை ஏற்க மாட்டேன் என்றது.

மலர்கொடி மறுபடி பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் மாட்டேன் என்றது.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு சிமெண்டு ஆலையில் வேலை. கட்டம் போட்டு அடித்த பட்டியல் பிளாப்பியில் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஊழியர் டேபிள் என்ற பெயர்ப் பட்டியலில் ஏற்றினால் ஆளுக்கொரு டோக்கன் நம்பர் விழும். திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் அந்த ஒரு டேபிளில்தான் இருந்தார்கள்.

மெட்ராஸிலிருந்து வந்த ஆபீசர் அதற்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தார். ஒரு வீட்டு நம்பருக்கு ஒரு ஆள்தான்.

வீரமுத்துவும் தம்பி சாமிதுரையும் ஒரே வீடு, பதினாலாம் நம்பர். மலர்கொடி காலையிலேயே சொல்லிப் பார்த்தாள்.

"வூடு ஒண்ணுதான் சார். ஆனா அடுப்பு தனித்தனி. நெலத்தையும் பாகம் பிரிச்சுத்தான் குடுத்தாங்க."

"கம்ப்யூட்டருக்கு அடுப்பெல்லாம் தெரியாதும்மா. எவன் முதல்ல ஏறுறானோ அவனுக்கு வேலை."

அதனால்தான் வீரமுத்துவின் வரியை நைசாகத் தம்பிக்கு மேலே தூக்கி வைத்திருந்தாள். மனசு குறுகுறுத்தது. ஆனாலும் சாமிதுரைக்கு அரியலூரில் சைக்கிள் கடை இருக்கிறது. வீரமுத்து நிலம் போனதிலிருந்து சுவரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்து வந்த சாமிதுரையையும் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை.

பதினாலாம் நம்பரில் ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தது. மலர்கொடி யாரென்று தேடிப் பார்த்துவிட்டு, "பதினாலுல ஏற்கெனவே ஆள் இருக்கு சார்" என்றாள்.

"யாரும்மா அது?" ஆபீசர் தன் மேஜையிலிருந்தே கேட்டார்.

"அண்ணன்காரரோட சம்சாரம் சார். மூணு மாசமா இங்கதான் வேலை பாக்குறாங்க."

"அப்ப அந்தம்மாவையே கேளு. வேலைய விட்டா புருஷன் உள்ள வரட்டும்."

சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

அறையில் வேறு யாரும் இல்லை. மலர்கொடி திரையில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள். அந்தம்மாவைக் கேட்டாள்.

விட முடியாது என்று பதில் வந்தது. பஸ் பிடித்துப் போய் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, பரீட்சை எழுதி வாங்கிய வேலை. நிலத்துக்காக யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

அண்ணன் வரியையும் தம்பி வரியையும் அழித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ரெண்டு பேரும் கேட்பார்கள். கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் போதும். ஊரில் இன்னும் யாரும் கம்ப்யூட்டரோடு சண்டைக்குப் போனதில்லை.