பதினைந்து நாளில் சொல்லி அனுப்புகிறோம்

குளக்கரையிலேயே பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி அது. அங்கே ஆள் எடுக்கும் பொறுப்பு ஆமையாருடையது. அவசரப்பட்டு ஒருத்தரையும் எடுத்ததில்லை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

மழை விட்ட ஒரு காலையில் ஈசல் ஒன்று இன்டர்வியூவுக்கு வந்தது. எழுத்துத் தேர்வைப் பத்தே நிமிடத்தில் முடித்தது. போர்டில் கோட் எழுதச் சொன்னார்கள், பிழையில்லாமல் எழுதியது. மேனேஜர் தவளை குடைந்து குடைந்து கேட்டதற்கெல்லாம் பட்டுப் பட்டென்று பதில் சொன்னது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அதற்குள் ஈசலுக்கு ஓர் இறக்கை உதிர்ந்தே போயிற்று.

கடைசிச் சுற்று ஆமையாரிடம்.

"மார்க்கெல்லாம் பிரமாதம் தம்பி. அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

ஈசல் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தது. "சார், சாயங்காலம் வரைக்கும் என்ன வேலை கொடுத்தாலும் செய்றேன். இப்பவே சேர்ந்துக்கட்டுமா?"

ஆமையார் சிரித்துவிட்டார். "என்ன அவசரம்? இன்னும் மூணு பேர் கையெழுத்துப் போடணும். பதினஞ்சு நாள்ல சொல்லி அனுப்புறோம்."

சொன்ன சொல் தவறவில்லை. பதினைந்தாம் நாள் ஆர்டரைத் தானே முதுகில் சுமந்துகொண்டு புற்று வரை நடந்தார். "தம்பி! வேலை கிடைச்சாச்சு!" என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. வாசலில் உதிர்ந்த இறக்கைகள்தான் கிடந்தன.

ஆமையார் பெருமூச்சு விட்டு ஃபைலில் எழுதினார்: "வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை."