மறுகூட்டல்

"ஏங்க, சீட்டுல இருபத்தொண்ணாம் ரூம்னுதானே எழுதியிருக்கு? அப்புறம் எதுக்குப் பன்னிரண்டாம் ரூம்ல போய் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்தீங்க?"

"உள்ளே இருந்த டாக்டர் வாயைத் திறங்கன்னார். திறந்தேன்."

"அவர் பல் டாக்டர்! நான் வந்து இழுக்கலேன்னா ஒரு பல்லைக் கழட்டிக் கையில கொடுத்திருப்பார்."

ஓய்வு பெற்ற கணக்காசிரியர் இருபத்தொன்றாம் அறையின் கட்டிலருகே நின்று சட்டையைக் கழற்றினார். அவருடைய கவலை பல்லைப் பற்றியதன்று; இதயத்தைப் பற்றியது. மூன்று மாதங்களுக்கு முன்னர் மாரடைப்பு வந்து பிழைத்தவர் அவர். அப்போது எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனில் அவர் இதயத்துக்குக் கிடைத்த மதிப்பெண் முப்பது.

"மூணு மாசம் மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க. அப்பவும் முப்பத்தஞ்சுக்குக் கீழே இருந்தா, நெஞ்சுல ஒரு சின்னப் பெட்டியை வெச்சுட வேண்டியதுதான். துடிப்பு தாறுமாறாப் போச்சுன்னா அது உள்ளேயே ஷாக் கொடுத்து நேராக்கிடும்" என்று இதய மருத்துவர் சொல்லியிருந்தார்.

வீட்டில் பல்பு மாற்றுவதற்குக்கூட மனைவியையே நாற்காலியின் மேல் ஏற்றுகின்ற மனிதர், ஷாக்கை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு எப்படி உறங்குவார்?

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க சார். ஜெல் கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்" என்றாள் எக்கோ எடுக்கும் பெண்மணி. நாற்பது வயதிருக்கும்.

"இந்த முப்பத்தஞ்சுங்கறது எத்தனைக்கும்மா?"

"நூத்துக்கு சார். இதயம் விரியும்போது உள்ளே எவ்வளவு ரத்தம் நிக்குதோ, அதுல நூத்துக்கு எத்தனை பங்கை ஒரு துடிப்புல வெளியே தள்ளுதுன்னு கணக்கு."

"நூத்துக்கு நூறு?"

"யாரும் எடுத்ததில்ல சார். அறுபது எடுத்தாலே முதல் வகுப்பு."

"கேள்வித்தாள் அவ்வளவு கடினமா?"

"பேசாம படுங்க. மார்க் குறைஞ்சுடப் போகுது" என்றாள் மனைவி.

கருவி விலா எலும்புகளுக்கிடையே ஊர்ந்தது. திரையில் ஒரு கறுப்புப் பை சுருங்கிச் சுருங்கி விரிந்தது. பெண்மணி அதன் ஓரத்தில் கோடு வரைந்தாள். ஏதோ ஒரு விசையைத் தட்டினாள். மூலையில் ஓர் எண் தோன்றியது. ஆசிரியர் கழுத்தை ஆமைபோல் நீட்டிப் பார்த்தார்.

"ஐயோ, முப்பத்திநாலு!"

பெண்மணி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அதைக்கூடவா ஞாபகம் வெச்சிருக்கீங்க? உள்ளே வந்ததுமே நான் உங்களைக் கண்டுபிடிச்சிட்டேன் சார். நீங்க கண்டுக்கலையேன்னு பேசாம இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். முழுப் பரீட்சையில கணக்குக்கு முப்பத்திநாலு!"

ஆசிரியருக்கு முதுகிலும் ஜெல் தடவியது போலிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாகக் காத்திருந்து, அதே எண்ணைத் திருப்பிப் போட்டுப் பழி தீர்த்துவிட்டாளே!

"ஒரு மார்க்தானே சார், போடுங்கன்னு கெஞ்சினேன். 'கணக்குல கருணைக்கு இடமில்ல'ன்னுட்டீங்க."

"அப்படியா சொன்னேன்? அந்தக் காலத்துல எனக்கு முன்கோபம் ஜாஸ்தி."

"பேப்பரை நானே கூட்டிப் பார்த்தேன், பாஸாகுது சார்னு ஓடி வந்தேன். 'நான் கூட்டினதை நீ கூட்டுறியா? கூட்டவும் தெரியல பாரு'ன்னீங்க. வகுப்பே சிரிச்சுது. அதே வகுப்புல இன்னொரு வருஷம் உக்காந்தேன். வீட்ல இன்னைக்கும் என்னை 'முப்பத்திநாலு'ன்னுதான் கூப்பிடறாங்க சார். என் புருஷன் உட்பட!"

"தப்புதான்ம்மா, மகா தப்பு! அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. ஒரே ஒரு மார்க் போட்டுவிடு. நீ நல்லா இருப்பே."

"நானா? உங்களுக்கா?"

"கருணை மார்க்னு போடு. இல்லேன்னா மறுகூட்டலாவது பண்ணு. வேணும்னா நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இதயத்தை ஓங்கித் துடிக்கச் சொல்றேன்!"

"ஏங்க, பல்லுக்குப் பதிலா புத்தியை அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

"உனக்கென்னடி? நெஞ்சுக்குள்ளே ஷாக் அடிக்கப் போறது எனக்குத்தானே! இவங்க பழைய கணக்கைத் தீர்க்கறாங்க. நான் ஒரு மார்க்குல பெயிலு!"

"சார், நீங்க எந்த முப்பத்திநாலைச் சொல்றீங்க?" என்று குழம்பினாள் பெண்மணி.

ஆசிரியர் விரலால் திரையின் மூலையைக் காட்டினார். மனைவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாலு முன்னாடி, மூணு பின்னாடி! நாப்பத்திமூணுங்க அது! பாஸாயிட்டீங்க, எழுந்திருங்க. பொறந்ததுலேருந்து இவருக்கு இதே வியாதிம்மா. பொண்ணு பார்க்கறதுக்கு முன்னாடி என் வயசு இருபத்திமூணுன்னு எழுதி அனுப்பினதை முப்பத்திரண்டுன்னு படிச்சுட்டு, 'கிழவி வேண்டாம்'னு பதில் போட்ட மகான்! ரூம் நம்பரும் அப்படித்தான், பஸ் நம்பரும் அப்படித்தான். பார்க்கறதும் தலைகீழ், எழுதறதும் தலைகீழ்."

"நாப்பத்திமூணா! பெட்டி வேண்டாமா!" என்று ஆசிரியர் பச்சைக்குழந்தைபோல் சிரித்தார்.

பெண்மணி சிரிக்கவில்லை. கருவியை அவர் நெஞ்சிலிருந்து எடுக்கவும் மறந்து, அவரையே உற்றுப் பார்த்தாள்.

"சார், அன்னைக்கு என் பேப்பரை நான் கூட்டினப்பவும் நாப்பத்திமூணுதான் சார் வந்துது."