மேட்டுத் தொட்டி

மத்தியானச் சாப்பாடு முடிந்தால் அந்த ஆட்டுப் பண்ணையில் எல்லோருக்கும் கொஞ்ச நேரம் ஓய்வு. நாய்கூட வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவளுக்கு மட்டும் ஒரு வேலை பாக்கி இருக்கும்.

"குன்று மேல தண்ணித் தொட்டி இருக்கு. நிறைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு வா," என்பார் பண்ணைக்காரம்மா, முகத்தைக்கூடப் பார்க்காமல்.

மண்டையைப் பிளக்கும் வெயிலில் அவள் ஏற வேண்டும். அவளைப் போலவே ஊர் சுற்ற வந்து அங்கே வேலை செய்த சுருட்டைத் தலைக்காரன், "உன்மேல அந்தம்மாவுக்கு என்ன கோபம்? என்னை ஒரு நாளாவது அனுப்பினாங்களா?" என்று கேட்டுவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப்போவான்.

விமான டிக்கெட்டோடு கை காலியாகும் என்று தெரிந்துதான் கிளம்பியிருந்தாள். பண்ணை வேலை செய்தால் படுக்க இடமும் சாப்பாடும் கிடைக்கும், அப்படியே நாடு நாடாகப் பார்த்துவிடலாம் என்று திட்டம். வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவாத மகராசி, கடல் தாண்டி வந்து ஆட்டுப் புழுக்கை அள்ளினாள்.

கிளம்பும்போது அம்மாவோடு பெரிய சண்டை. அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். மெஷினை நிறுத்தாமலே, "போ. போன இடத்துல அழுதுக்கிட்டு எனக்கு போன் பண்ணாதே," என்றாள். மாட்டேன் என்று இவளும் ரோஷமாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

பண்ணை வீடு பள்ளத்தில் இருந்தது. அங்கே போனுக்கு சிக்னல் கிடைக்காது, பரவாயில்லையா என்று பண்ணைக்காரம்மா முதல் நாளே கேட்டார். "எனக்கு எதுக்கு சிக்னல்? வீட்டை நினைச்சு ஏங்குற ஆள் இல்ல நான்," என்று இவள் வீறாப்பாகப் பதில் சொன்னாள்.

மறுநாள் காலையில் பால் கறக்க வந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தன. வைக்கோல் தூசி என்று சமாளித்தாள். அன்று மத்தியானம்தான் இந்தத் தொட்டி வேலை ஆரம்பமானது.

முதல் தடவை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஏறினாள். உச்சியில் ஒரு பாறை. மூச்சு வாங்க அதில் உட்கார்ந்தாளோ இல்லையோ, படம் பிடிக்க எடுத்து வந்த போன் கையில் அதிர ஆரம்பித்தது. எல்லாம் அம்மா அனுப்பிய செய்திகள். சாப்பிட்டியா. எங்கே இருக்கே. கோபம்னா கோபமாவே இரு, நல்லா இருக்கேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லு.

ரோஷமெல்லாம் அந்தப் பாறையிலேயே கரைந்துபோனது. அம்மாவைக் கூப்பிட்டாள்.

தொட்டியைப் பார்க்கப் பாறைக்கு அந்தப் பக்கம் புதரைத் தாண்டி இறங்க வேண்டும். பேசி முடித்தபோது நேரமாகிவிட்டது. ஓடி வந்து, "நிறைஞ்சிருக்கு," என்று ஒரு பொய்யைச் சொன்னாள். பண்ணைக்காரம்மா, "நல்லது," என்றார். அவ்வளவுதான்.

அதுவே வழக்கமாகிப்போனது. பேச விஷயம் தீர்ந்த பிறகும் அம்மா போனை வைக்க மாட்டாள், அப்படியே தைத்துக்கொண்டிருப்பாள். இவள் போனைப் பாறையில் வைத்து, மெஷின் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பாள். குழந்தையிலிருந்தே அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள். நடுவில் சத்தம் நின்றால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்று தெரியும். இப்போதே ஓடிப்போய் அந்த மெஷின் பக்கத்தில், வெட்டுத் துணிகளுக்கு நடுவில் தரையில் படுத்துக்கொள்ள மாட்டோமா என்றிருக்கும்.

கீழே வந்ததும் தினமும் அதே பொய், அதே "நல்லது".

போகப் போக மனசு உறுத்தியது. தொட்டி காய்ந்து கிடந்தால் ஆடுகள் என்ன செய்யும்? ஒருநாள் தாங்க முடியாமல் அம்மாவிடமே சொல்லிவிட்டாள். மெஷின் சட்டென்று நின்றது.

"அடிப்பாவி, வாயில்லா ஜீவன் தண்ணியிலயா பொய் சொல்றே? உன்னை நம்பித்தானே அனுப்புறாங்க? முதல்ல போய்ப் பாரு. கீழ போனதும் உண்மையைச் சொல்லிடு."

"சொன்னா இனிமே என்னை அனுப்ப மாட்டாங்கம்மா."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்து, நடுவில் நின்றது. பிறகு, "பரவாயில்ல. சொல்லிடு," என்றாள்.

இனி மெஷின் சத்தம் இல்லாத மத்தியானங்கள்தான். ஆனாலும் எழுந்து புதரை விலக்கிக்கொண்டு இறங்கினாள்.

தொட்டி இருந்தது. நட்ட நடுவில் பிளந்து கிடந்தது. பிளவில் முளைத்த ஒரு மரம் இவள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. சுற்றிலும் ஆட்டுத் தடமும் இல்லை, குழாயும் இல்லை. அதில் தண்ணீர் நின்று எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

இவள் அங்கேயே நின்றாள். கண் கலங்கியது. பழி போட வைக்கோல் தூசியும் அங்கே இல்லை.

இறங்கி வந்தபோது பண்ணைக்காரம்மா பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தொட்டி நிறைஞ்சிருக்கா?"

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவள், தானும் ஒரு வாளியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

"நிறைஞ்சிருக்கு," என்றாள்.

"நல்லது," என்றார் பண்ணைக்காரம்மா, அடுத்த வாளியைக் கையில் எடுத்தபடி. "நாளைக்கும் போய்ப் பாரு. அம்மாவை நான் விசாரிச்சதாச் சொல்லு."